மாதிரி டாங்கியின் உறுப்புகள்: பிளாஸ்டிக்கா, உலோகமா?

ரேடியோ அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்து இயக்கப்பெறும் மாதிரி டாங்கி, பார்வைக்கு விளையாட்டுப் பொருளே. ஆயினும் மின்மோட்டார், பற்சக்கரத் தொடர், தடச்சங்கிலி, மின்கல அடுக்கு, ரேடியோ ஏற்பி ஆகிய ஐந்தையும் ஒரே மேசையின்மீது இயங்கும் நிலையில் காட்டக் கூடிய சாதனம் வேறொன்று எளிதில் கிட்டாது. நிலத்தைச் சமன் செய்யும் புல்டோசரும், சேற்று வயலில் புதையாமல் செல்லும் அறுவடை இயந்திரமும் இதே தத்துவத்தின்படியே ஊர்ந்து செல்கின்றன. ஆகவே பள்ளி அறிவியல் மன்றங்களிலும், கிராமக் கண்காட்சிகளிலும் இம்மாதிரிக்கு உரிய இடம் உண்டு.

இதனை வாங்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே டாங்கி, பிளாஸ்டிக் உறுப்புகளுடன் ஒரு விலைக்கும், உலோக உறுப்புகளுடன் அதைவிட மிகுந்த விலைக்கும் விற்கப்படுகிறது. பிளாஸ்டிக் மாதிரியை முதலில் வாங்கி, உலோகத் தடச்சங்கிலியையோ சக்கரத்தையோ தனியே வாங்கிப் பின்னர் மாட்டிக்கொள்ளவும் வழியுண்டு. உலோகமே உயர்ந்தது என்று கருதிக் கையிலுள்ள தொகை முழுவதையும் அதற்கே செலவிட்டு, சில காட்சிகளுக்குள் பற்சக்கரம் தேய்ந்து மாதிரி நின்றுவிடுமானால், அவ்வாண்டு முழுவதும் மாணவர் அதனைக் கண்ணாடிப் பேழைக்குள்தான் காண இயலும். எனவே எந்த உறுப்பு எப்பொருளால் ஆகியிருக்க வேண்டும் என்பதைக் காரணத்துடன் அறிந்து தேர்ந்தெடுப்பது அவசியமாகிறது.

உறுப்புகளும் அவற்றின் வேலையும்

பரவலாகக் கிடைப்பவை, உண்மை டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு அளவில் அமைந்த மாதிரிகளாகும். இவற்றில் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் தனித்தனியே ஒரு மோட்டார் உண்டு. மோட்டாரின் வேகமான சுழற்சி பற்சக்கரப் பெட்டியில் மெதுவாக்கப்பட்டு, பல்லுடைய இயக்குசக்கரத்தை அடைகிறது. அதன் பற்கள் தடச்சங்கிலியின் கண்ணிகளைப் பற்றி இழுக்கின்றன. மறுமுனையில் உள்ள இறுக்குசக்கரம் சங்கிலியைத் தொய்யாமல் வைத்திருக்கிறது. இடையிலுள்ள தாங்குசக்கரங்கள் வண்டியின் எடையைச் சுமக்கின்றன. ஒருபுறச் சங்கிலி நின்று மறுபுறச் சங்கிலி ஓடினாலும், இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடினாலும் டாங்கி திரும்புகிறது.

இவ்வாறு திரும்பும்போது சங்கிலி முழுவதும் பக்கவாட்டில் தரையை அரைத்துக்கொண்டு நகர வேண்டியிருக்கிறது. நேராக ஓடுவதற்கு வேண்டியதைப் போலப் பன்மடங்கு விசை இதற்குத் தேவை. மாதிரி டாங்கியின் உறுப்புகளில் பெரும்பாலானவை பழுதுபடுவது இத்திருப்பத்தில்தான் என்பதை நினைவிற் கொள்க.

சிறியது ஏன் வலிதாகிறது?

உண்மை டாங்கி எஃகினால் ஆனது. ஆகவே மாதிரியும் உலோகத்தால் ஆகியிருந்தால்தான் உறுதியாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணம் பிழையானது என்பதற்குரிய காரணத்தை 1638ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் கலிலியோ விளக்கியுள்ளார். ஒரு பொருளின் நீள அகல உயரங்கள் குறையும்போது, அதன் எடை கன அளவையொட்டியும், அதன் தாங்குதிறன் குறுக்குப் பரப்பையொட்டியும் குறைகின்றன.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய டைகர் டாங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 57 டன். பதினாறில் ஒரு பங்காக அதனைச் சுருக்கினால் கன அளவு 4,096 மடங்கு குறையும். அதே எஃகால் அதே விகிதத்தில் செய்த மாதிரியின் எடை ஏறத்தாழ 14 கிலோகிராமாக இருக்கும். ஆனால் உறுப்புகளின் குறுக்குப் பரப்பு 256 மடங்குதான் குறைகிறது. எனவே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர்மீதும் விழும் சுமை, உண்மை டாங்கியில் விழுவதில் பதினாறில் ஒரு பங்கே.

சாதாரண எஃகின் இழுவலிமை, இம்மாதிரிகளில் வழங்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் வலிமையைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு. சுமையோ 16 மடங்கு குறைந்துவிட்டது. ஆகவே எடையைத் தாங்கும் அளவில் நோக்கினால், மாதிரியிலுள்ள பிளாஸ்டிக் உறுப்பு உண்மை டாங்கியின் எஃகு உறுப்பைக் காட்டிலும் பின்தங்கியதன்று. மேலும், பிளாஸ்டிக் மாதிரியின் எடை 14 கிலோகிராமை எட்டுவதே இல்லை. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கிலோகிராம் அளவிலேயே நிற்கிறது. டாங்கியின் உடலும் மேற்கூடும் பிளாஸ்டிக்கால் அமைவதில் குறையொன்றும் இல்லை என்பது இதனால் பெறப்படும்.

இக்கணக்குக்கு இரண்டு விலக்குகள் உண்டு. முதலாவது, விறைப்பு. எஃகின் விறைப்பு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைவிட 80 மடங்குக்கும் மேற்பட்டது. முறியாத பிளாஸ்டிக் உறுப்பும் வளையக் கூடும். எனவே நீண்டு மெலிந்த தண்டுகளும் அச்சுகளும் எஃகாகவே இருக்க வேண்டும். அவை வளைந்தால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று சரிவரக் கவ்வாமல் பற்கள் உடையும்.

இரண்டாவது விலக்கு, தேய்மானம். டாங்கியைச் சுருக்கினோமேயன்றி, தரையிலுள்ள மணலை நாம் சுருக்கவில்லை. அரை மில்லிமீட்டர் மணற்பரல் ஒன்று மாதிரியின் கண்ணிகளுக்கிடையே புகுவது, உண்மை டாங்கியின் சங்கிலிக்குள் 8 மில்லிமீட்டர் கல் புகுவதற்கு ஒப்பாகும். உராய்ந்து தேயும் இடங்களில் மட்டும் சிறிய அளவு நமக்குச் சலுகை தருவதில்லை. ஆகவே உலோகத்துக்குச் செலவிட வேண்டிய இடம் வண்டியின் உடலன்று. விசை கடத்தும் உறுப்புகளும் உராயும் உறுப்புகளுமே ஆகும்.

உலோகம் என்ற பெயர் மட்டும் போதாது

விற்பனையில் உலோகம் என்று குறிக்கப்படுவது எல்லாம் எஃகன்று. சங்கிலிக் கண்ணிகளும் சக்கரங்களும் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றன. ஏறத்தாழ 385 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடுவதால் இதனை வார்ப்பது எளிது. நுண்ணிய வடிவமும் தெளிவாக விழும். ஆனால் எஃகைப் போல் இது தேய்மானத்தைத் தாங்காது. மெல்லிய இடங்களில் வளையாமல் ஒடியும்.

துத்தநாக வார்ப்பில் ஈயம் முதலிய மாசுகள் சிறிதளவு கலந்திருந்தாலும், ஈரக் காற்றில் அதன் உட்படிகங்களின் விளிம்புகள் அரிக்கப்பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்லப் பொருள் வீங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும். முற்காலத்து வார்ப்புப் பொம்மைகள் பல இவ்வாறே அழிந்தன. மிகத் தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட ‘ஜமாக்’ என்னும் கலவையை 1929ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி துத்தநாகக் கம்பெனி உருவாக்கிய பின்னரே இக்குறை பெரிதும் நீங்கியது. வாங்கிய வார்ப்பு உறுப்பில் காரணமின்றி மயிரிழை வெடிப்புகள் தோன்றினால், அதனை மாதிரியிலிருந்து உடனே நீக்கிவிடுதல் நலம்.

பிளாஸ்டிக்கிலும் வகைகள் உண்டு. பாலிஸ்டைரீன் எளிதில் நொறுங்கும். ஏ.பி.எஸ். அடியைத் தாங்கும், உடலுக்கு ஏற்றது. நைலான் உராய்வைத் தாங்கும்; ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிறிது பருக்கும். அசிட்டால் ஈரத்தால் அவ்வளவு மாறுபடுவதில்லை, வழுவழுப்பும் விறைப்பும் உடையது, பற்சக்கரங்களுக்குத் தக்கது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரை மாவட்டங்களில் பணிபுரிவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளலாம்.

எடையை ஒப்பிட, அடர்த்தியைக் காண்க. ஒரு கனசென்டிமீட்டருக்கு ஏ.பி.எஸ். ஏறத்தாழ 1.05 கிராம், நைலான் 1.14, அசிட்டால் 1.41, அலுமினியம் 2.7, துத்தநாகக் கலவை 6.6, எஃகு 7.85, பித்தளை 8.5 கிராம்.

சங்கிலியும் இயக்குசக்கரமும்

டைகர் டாங்கியின் சங்கிலி ஒவ்வொன்றிலும் 96 கண்ணிகள் உண்டு. ஒரு கண்ணியின் நீளம் 130 மில்லிமீட்டர். பதினாறில் ஒரு பங்கு மாதிரியில் இது 8.1 மில்லிமீட்டராகும். ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் துளையும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் மட்டும் தேய்வதாகக் கொள்வோம். கண்ணுக்குப் புலப்படாத இத்தேய்மானம் 96 மூட்டுகளிலும் சேரும்போது சங்கிலி 9.6 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. இது ஒரு கண்ணியின் நீளத்தைக் காட்டிலும் அதிகம். அப்போது ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டுச் சங்கிலியைச் சேர்க்க வேண்டும். உண்மை டாங்கிகளிலும் இதுவே வழக்கம்.

சங்கிலி நீளும்போது கண்ணிகளுக்கிடையேயுள்ள தொலைவு கூடுகிறது. இயக்குசக்கரத்துப் பற்களின் இடைவெளியோ மாறுவதில்லை. அதனால் கண்ணி பல்லின் அடியில் அமராமல் அதன் முனைமீது ஏறுகிறது. டைகரின் இயக்குசக்கரத்தில் 20 பற்கள் உள்ளன. சங்கிலி ஒரு சுற்று வருவதற்குள் ஒவ்வொரு பல்லும் ஏறத்தாழ 5 முறை வேலை செய்கிறது. ஒவ்வொரு கண்ணியும் ஒரே முறை. ஆகவே இரண்டும் ஒரே பொருளால் ஆனவையாயினும் முதலில் தேய்வது பல்லே.

இதிலிருந்து முக்கியமான விதி ஒன்று கிடைக்கிறது. உலோகச் சங்கிலியைப் பிளாஸ்டிக் இயக்குசக்கரத்தின்மீது பூட்டலாகாது. பன்மடங்கு கனமான சங்கிலி மென்மையான பற்களை அரம்போல் அராவிவிடும். உலோகச் சங்கிலி வாங்கும்போது உலோக இயக்குசக்கரத்தையும், இறுக்குசக்கரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். அத்தொகை கையில் இல்லையெனில், பிளாஸ்டிக் சங்கிலியையே வைத்துக்கொள்வது மேல். ஒன்றோடொன்று கவ்வி இயங்கும் உறுப்புகளைத் தனித்தனியே அன்றி இணையாகவே கருதித் தேர்தல் வேண்டும்.

உலோகச் சங்கிலிக்கு நன்மைகள் உண்டு. எடை கீழே அமைவதால் வண்டி எளிதில் கவிழாது; மண்தரையில் பிடிப்பு அதிகம்; உண்மைச் சங்கிலியைப் போல் தன் எடையால் அழகாகத் தொய்ந்து நிற்கும். ஆனால் மெருகிட்ட தரையைக் கீறும். கோணிப்பை, தேங்காய் நார்ப்பாய் ஆகியவற்றின்மீது திரும்பும்போது இழைகளைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். வகுப்பறைத் தரையில் மட்டும் இயங்கப் போகும் மாதிரிக்குப் பிளாஸ்டிக் சங்கிலியே பொருத்தம்.

பற்சக்கரப் பெட்டி

மோட்டார் நிமிடத்திற்கு 12,000 முறை சுழல்வதாகவும், பெட்டி அதனை 100 மடங்கு குறைப்பதாகவும் வைத்துக்கொண்டால், இயக்குசக்கரம் 120 முறை சுழலும். வேகம் குறையும் விகிதத்தில் முறுக்கு விசை கூடுகிறது. உராய்வால் ஏற்படும் இழப்பு நீங்கலாக, கடைசிச் சக்கரத்தில் அது மோட்டாரிலுள்ளதைப் போல் நூறு மடங்கை நெருங்கும்.

ஆகவே ஒரே பெட்டிக்குள்ளும் தேவைகள் வேறுபடுகின்றன. முதற்கட்டத்தில் வேகம் அதிகம், விசை குறைவு. இங்கே நைலான் அல்லது அசிட்டால் சக்கரம் ஓசையின்றி இயங்கும். கடைசிக் கட்டத்தில் வேகம் குறைவு, விசை மிகுதி. இங்கே எஃகு வேண்டும். மோட்டாரின் தண்டில் அமைந்த சிறுபற்சக்கரம் மட்டும் இதற்கு விலக்கு. அதில் 10 பற்களும், அது கவ்வும் சக்கரத்தில் 40 பற்களும் இருப்பின், சிறு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் நான்கு மடங்கு அதிகமாக உழைக்கிறது. எனவே அது பித்தளையாகவோ எஃகாகவோ இருத்தல் நன்று. பொதுவாக, கடினமான சிறு சக்கரத்தை அதனினும் மென்மையான பெரிய சக்கரத்தோடு இணைப்பதே இயந்திர நூலார் கைக்கொள்ளும் முறை.

உலோகச் சங்கிலி பூட்டிய மாதிரிக்கு எஃகுப் பற்சக்கரப் பெட்டி இன்றியமையாதது. நேர்மாறாக, பிளாஸ்டிக் சங்கிலி பூட்டிய மாதிரிக்கு எஃகுப் பெட்டியைப் பொருத்துவதால் தீங்கு ஏதுமில்லை. முதற்செலவை எங்கே செய்வது என்ற கேள்விக்கு இதுவே விடை.

மோட்டாரைத் தாங்கும் தட்டும் கவனத்திற்குரியது. பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அலுமினியம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். உலோகத் தட்டு மோட்டாரின் சூட்டை வெளியேற்றுகிறது. பிளாஸ்டிக் தட்டு தானே இளகிப் பற்சக்கரங்களின் இடைவெளியை மாற்றிவிடக் கூடும்.

முறிய வேண்டிய இடம்

எந்த இயந்திரமும் ஏதேனும் ஒரு நாள் சிக்கிக்கொள்ளும். சங்கிலிக்குள் சிறு கல் சிக்கினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். எல்லாம் பிளாஸ்டிக்காக இருந்தபோது சங்கிலிக் கண்ணி ஒன்று அறுந்திருக்கும். சங்கிலியை உலோகமாக்கினால் இயக்குசக்கரத்தின் பல் முறியும். அதனையும் உலோகமாக்கினால் பெட்டிக்குள் சக்கரம் உடையும். பெட்டியும் எஃகானால் மோட்டார் சுழலாது நின்று, பெருமின்னோட்டம் பாய்ந்து, மின்சுற்றோ மின்கலமோ சேதமாகும். பழுது நீங்குவதில்லை, இடம் மாறுகிறது, விலையுயர்ந்த உறுப்பை நோக்கி நகர்கிறது.

எனவே விசைத்தொடரில் மலிவானதும் எளிதில் மாற்றத்தக்கதுமான ஓர் உறுப்பை வலுக்குறைந்ததாக வேண்டுமென்றே விட்டு வைப்பது அறிவுடைமை. அனைத்தும் உலோகமாக இருப்பின், அப்பணியை மின்னுருகி ஒன்று ஏற்க வேண்டும். லித்தியம் மின்கலம் பயன்படுத்தும் மாதிரிகளில் இது மிகவும் அவசியம். அளவு மீறிய மின்னோட்டத்தால் அக்கலம் தீப்பற்றக் கூடும். மாதிரி நின்று மோட்டார் முனகினால் விசைப்பிடியை உடனே விட்டுவிட வேண்டுமென மாணவர்க்கு முதல் நாளே கற்பித்தல் வேண்டும்.

உலோகக் கூடும் ரேடியோ அலையும்

முழுவதும் உலோகத்தால் மூடப்பட்ட கூட்டுக்குள் ரேடியோ அலை எளிதில் நுழைவதில்லை. முன்னர் பெரிதும் வழங்கிய 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். இக்காலத்து மாதிரிகளில் பயிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். பின்னதற்கு அலைநீளத்தின் கால்பங்காகிய 31 மில்லிமீட்டர் கம்பியே ஏரியலாகப் போதும். உலோக மேற்கூட்டை அமைப்பவர், இச்சிறு பகுதியை உலோகத்தைத் தொடாதவாறு வெளியே கொண்டுவர வேண்டும். மேற்கூடு பிளாஸ்டிக்காயின் இத்தொல்லையே இல்லை. எடை உயரத்தில் சேர்ந்து வண்டி தள்ளாடுவதும் தவிர்க்கப்படும். எடை வேண்டுமெனில், பிளாஸ்டிக் உடலின் அடித்தளத்தில் இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்துவதே எளிய வழி.

வாங்கும் வரிசை

தொகை குறைவாயின் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. எஃகுத் தண்டுகளும் எஃகுப் பற்சக்கரப் பெட்டியும்.
2. மின்னுருகியும் மாற்று மின்கல அடுக்கும்.
3. வெளித்தரையில் ஓட்டுவதாயின் மட்டும், உலோகச் சங்கிலி, இயக்குசக்கரம், இறுக்குசக்கரம் ஆகிய மூன்றும் ஒருசேர.
4. கனமான சங்கிலி பூட்டியபின், தாங்குசக்கரங்களின் உலோகக் கைகள்.
5. உலோக உடல், மேற்கூடு, பீரங்கிக் குழல் ஆகியன இறுதியாக. இவை தோற்றத்துக்கு உதவுவன. இயக்கத்துக்கு இன்றியமையாதன அல்ல.

அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கப்பட்டபின் முப்பரிமாண அச்சு இயந்திரம் கிடைக்கப்பெற்ற பள்ளிகள், உடைந்த பிளாஸ்டிக் உறுப்புகளைத் தாமே அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் மிகுதியாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி சென்டிகிரேடிலேயே இளகத் தொடங்கும். கோடையில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்தால் உருமாறிவிடும்.

பராமரிப்பு

ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் மணலைத் தூரிகையால் அகற்றுக. பிளாஸ்டிக் உறுப்புகளைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைக்கலாகாது, அவை வெடிப்புறும். பிளாஸ்டிக் சக்கரங்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் ஏற்றது. நெடுநாள் சேமித்து வைக்கும்போது சங்கிலியைத் தளர்த்தி, தாங்குசக்கரங்களில் எடை விழாதவாறு கட்டைமீது வண்டியை ஏற்றி வைக்க வேண்டும். இடையறாத சுமையின்கீழ்ப் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வளைந்து நிலைத்துவிடும் இயல்புடையது. சில மாதிரிகளில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளை எறியும் அமைப்பு உண்டு. கண்ணுக்கு ஆபத்தாகையால் வகுப்பில் அதனை நீக்கிவிடுக. ஓடும் சங்கிலிக்கருகில் விரல்கள் செல்லாதவாறும் பார்த்துக்கொள்க.

வகுப்பில் செய்யத்தக்கவை

மின்கலத்துடன் அம்மீட்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, மாதிரி நேராக ஓடும்போதும் நின்ற இடத்திலேயே திரும்பும்போதும் பாயும் மின்னோட்டத்தை அளந்து ஒப்பிடச் செய்க. பின் உடலின்மீது அரைக் கிலோகிராம் எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி அளவீட்டைத் தொடர்ந்தால், உலோக உறுப்புகளின் எடைக்கு மின்கலம் செலுத்தும் விலை என்ன என்பதை மாணவர் தாமே வரைபடமாகக் காண்பர். சங்கிலியைக் கழற்றி நேராக நீட்டி மாதம் ஒருமுறை அளந்து பதிவு செய்யின், தேய்மானம் என்பது வெறும் சொல்லாக இராது.

பயிற்சி வினாக்கள்

1. டைகர் டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காக அதே எஃகால் செய்தால் அதன் எடை என்ன? (விடை: ஏறத்தாழ 1.3 கிலோகிராம்.)
2. மேற்கூறிய சங்கிலியின் ஒவ்வொரு மூட்டும் 0.08 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஒரு கண்ணியைக் கழற்ற இயலுமா? (விடை: நீட்சி 7.7 மில்லிமீட்டர், ஒரு கண்ணியின் நீளத்தை எட்டவில்லை, இயலாது.)
3. மாணவர் ஒருவர் பிளாஸ்டிக் மாதிரியில் சங்கிலியை மட்டும் உலோகமாக மாற்ற விரும்புகிறார். அடுத்து எந்த உறுப்பு பழுதுபடும்? காரணம் கூறுக.
4. உங்கள் ஊரில் ஓடும் மிதிவண்டியின் சங்கிலியும் பற்சக்கரமும் தேயும் முறையை மாதிரி டாங்கியின் சங்கிலியோடு ஒப்பிடுக. பழைய பற்சக்கரத்தின்மீது புதிய சங்கிலி மட்டும் பூட்டினால் அது ஏன் நழுவுகிறது?